ஆங்கில வினாத்தாளில் வினைச்சொல்: விடை இடைவெளிக்கு வெளியே இருக்கிறது

க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாளில் எமது பிள்ளைகள் அதிகம் தடுமாறும் கேள்விகளில் ஒன்று, கொடுக்கப்பட்ட வினைச்சொல்லின் சரியான வடிவத்தை எழுதி இடைவெளியை நிரப்பும் கேள்வி. ஒரு சிறிய பந்தி இருக்கும். நடுவே இடைவெளிகள் இருக்கும். ஒவ்வோர் இடைவெளிக்கும் ஒரு வினை தரப்பட்டிருக்கும். ‘கோ’ என்று தந்திருந்தால் அங்கே எழுத வேண்டியது கோ, கோஸ், கோயிங், வென்ட், கோன் என்ற ஐந்தில் எது என்பதே கேள்வி. கட்டுரை எழுதத் தேவையில்லை, கடினமான சொற்கள் தேவையில்லை. ஆனாலும் இந்தப் புள்ளிகள் எமது பிள்ளைகளின் கைநழுவிப் போகின்றன.

நான் வன்னியில் ஒரு கிராமத்து மாலை வகுப்பில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பிள்ளைகளிடம், “ஏன் இந்த விடையைப் போட்டனீங்கள்?” என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில், “அப்பிடித்தான் கேட்க நல்லா இருந்தது ரீச்சர்” என்பதுதான். காதுக்கு நன்றாக இருப்பதைத் தெரிவு செய்வது பிழையான வழி அல்ல. வீட்டில் ஆங்கிலம் புழங்கும் பிள்ளைக்கு அது உதவும். எமது பிள்ளைகளுக்கு அந்தக் காது எங்கிருந்து வரும்? இன்று பரீட்சை எழுதும் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் பலர், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து மர நிழலிலும் தறப்பாள் கொட்டிலிலும் படித்தவர்கள். பலருக்குப் படிப்பு பாதியிலேயே நின்றது. செட்டிகுளம் முகாமில் இருந்து பரீட்சை எழுதியவர்களும் அவர்களுக்குள் இருக்கிறார்கள். அந்த வீடுகளில் ஆங்கிலம் காதில் விழுவது அரிது.

ஆகவே எமது பிள்ளைகளுக்குக் காதை நம்பாத ஒரு வழி தேவை. அந்த வழி இருக்கிறது. இவ்வகைக் கேள்விகளில் விடை இடைவெளிக்குள் இருப்பதில்லை. அதற்கு வெளியே, அதே வசனத்தில் உள்ள மற்றச் சொற்களில் இருக்கிறது. அந்தச் சொற்களை எந்த ஒழுங்கில் தேடுவது என்பதைத்தான் இங்கே விளக்கப் போகிறேன். ஆங்கிலச் சொற்களை ஒலிப்படி தமிழ் எழுத்திலேயே தருகிறேன். ஆங்கில எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மாவும் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து இதை வாசித்துக் காட்ட முடிய வேண்டும் என்பதே அதற்குக் காரணம்.

முதலில் பார்க்க வேண்டியது: இடைவெளிக்கு முன்னால் உள்ள சொல்

பொதுவாக வகுப்புகளில் காலங்களில் இருந்துதான் பாடம் தொடங்கும். பரீட்சையில் அதற்கு முன்னர் ஒரு வேலை இருக்கிறது. இடைவெளிக்கு உடனே முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள். பல கேள்விகள் அங்கேயே முடிந்துவிடும்.

அங்கே டிட், டஸ், டூ என்ற சொற்களோ அவற்றுடன் ‘நொட்’ சேர்ந்தோ இருந்தால், வினையை மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். ‘ஹி டிட் நொட் கோ’ சரி. ‘ஹி டிட் நொட் வென்ட்’ பிழை. இதை விளங்கிக்கொள்ள எங்கள் மொழியே போதும். ‘அவன் போனான்’ என்பதை எதிர்மறையாக்கினால் ‘போகவில்லை’ என்கிறோம். ‘போனவில்லை’ என்று நான்கு வயதுப் பிள்ளையும் சொல்லாது. எதிர்மறை வேலையை ‘இல்லை’ எடுத்துக்கொண்டவுடன், முன்னால் நிற்பது ‘போக’ என்ற பொது வடிவம் மட்டுமே. ஆங்கிலத்தில் இறந்தகாலத்தை ‘டிட்’ சுமந்துவிட்டது. பிறகு ‘கோ’ ஏன் அதை இரண்டாம் முறை சுமக்க வேண்டும்? ‘ஹி டஸ் நொட் கோஸ்’ என்பதும் இதே காரணத்தால் பிழை. அந்த எஸ் எழுத்து ஏற்கனவே ‘டஸ்’ உடன் போய்விட்டது.

கான், குட், வில், வுட், ஷுட், மஸ்ட், மே ஆகிய சொற்களுக்குப் பின்னாலும் வினை மாறாது. ‘போக முடியும்’, ‘போக வேண்டும்’, ‘போகலாம்’ என்ற மூன்றிலும் நாங்கள் ‘போக’ என்பதை மாற்றுவதில்லை அல்லவா? ‘கான் கோ’, ‘மஸ்ட் கோ’, ‘மே கோ’ என்பவையும் அப்படித்தான்.

ஹாவ், ஹாஸ், ஹாட் என்பவை வினையுடன் சேர்ந்து துணைவினையாக முன்னால் நின்றால் வினையின் மூன்றாவது வடிவம் வர வேண்டும். ‘ஹாஸ் கோன்’, ‘ஹாவ் சீன்’, ‘ஹாட் ஈட்டன்’.

இஸ், ஆம், ஆர், வொஸ், வேர் என்பவை நின்றால் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அங்கே இரண்டு கதவுகள் உண்டு. செயல் நடந்துகொண்டிருந்தால் ‘இங்’ வடிவம். செயல் எழுவாயின் மீது செய்யப்பட்டிருந்தால் மூன்றாவது வடிவம். இதைப் பின்னர் தனியாகப் பார்ப்போம்.

இன், ஒஃப், பை, வித்தவுட், ஆஃப்டர், பிஃபோர் போன்ற சொற்களுக்கு உடனே பின்னால் வினை வந்தால் அது ‘இங்’ வடிவம் எடுக்கும். ‘பிஃபோர் கோயிங்’. தமிழிலும் ‘போ’ என்பதுடன் நேரே வேற்றுமை உருபைச் சேர்க்க முடியாது. ‘போவது’ என்று அதைப் பெயராக்கிய பிறகுதான் ‘போவதற்கு முன்’ என்கிறோம். ‘போவது’ செய்யும் வேலையை அங்கே ‘கோயிங்’ செய்கிறது.

இரண்டாவது: யார் செய்தார்?

முன்னால் துணைச்சொல் எதுவும் இல்லையென்றால் எழுவாயைத் தேடுங்கள். தமிழர் ஒருவருக்கு இது புதிய பாடமே அல்ல. ‘வந்தேன், வந்தாய், வந்தான், வந்தாள், வந்தார்கள், வந்தது’ என்று எழுவாய்க்கு ஏற்ப வினையின் வாலை மாற்றுவது எமது மொழி. ‘வந்தாள்’ என்ற ஒரே சொல்லில் வந்தது ஒரு பெண் என்பது தெரிந்துவிடும். இத்தனை வால்களையும் பள்ளிக்கூடம் போகுமுன்னரே கற்றுக்கொண்ட பிள்ளைக்கு ஆங்கிலம் வைக்கும் சுமை மிகச் சிறியது. சாதாரண நிகழ்காலத்தில் ஹி, ஷி, இட் என்ற படர்க்கை ஒருமைக்கு மட்டும் ஓர் எஸ் சேர்த்தால் போதும்.

ஆனால் குழப்பம் வருவது அந்த எஸ் எழுத்தால்தான். பெயர்ச்சொல்லில் எஸ் வந்தால் பன்மை. வினைச்சொல்லில் வந்தால் ஒருமை. ‘த போய் ரன்ஸ்’, ‘த போய்ஸ் ரன்’. இரு பக்கமும் எஸ் வராது, ஒரு பக்கத்தில்தான் வரும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னால் மனதில் நிற்கும். சில்ட்ரன், பீப்பிள், மென், விமென் ஆகியவை எஸ் இல்லாமலே பன்மை என்பதை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

வினாத்தாள் தயாரிப்பவர்கள் இந்த இடத்தில் ஒரு பொறி வைப்பதுண்டு. ‘த லிஸ்ட் ஒஃப் நேம்ஸ்’ என்று தொடங்கி, அடுத்து ‘இஸ்’ வருமா ‘ஆர்’ வருமா என்று கேட்பார்கள். இடைவெளிக்குப் பக்கத்தில் நிற்பது ‘நேம்ஸ்’ என்ற பன்மை. ஆனால் எழுவாய் ‘லிஸ்ட்’. பெயர்கள் ஆயிரம் இருந்தாலும் பட்டியல் ஒன்றுதான். ஆகவே ‘இஸ்’. ‘ஒஃப்’ என்ற சொல்லைக் கண்டால் அதற்கு முன்னால் உள்ள சொல்லைப் பாருங்கள். ‘வன் ஒஃப் த போய்ஸ்’ என்றாலும் எழுவாய் ‘வன்’ தான். எவ்ரிவன், ஈச், நோபடி ஆகியனவும் ஒருமையாகவே நடத்தப்படும்.

மூன்றாவது: எப்போது நடந்தது?

அடுத்தது காலச் சொல். ‘எவ்ரி டே’, ‘யூஷுவலி’, ‘ஒல்வேஸ்’ என்றால் சாதாரண நிகழ்காலம். ‘நவ்’, ‘அட் த மோமென்ட்’ என்றால் இஸ், ஆர் உடன் ‘இங்’. ‘யெஸ்டர்டே’, ‘லாஸ்ட் வீக்’, ‘டென் இயர்ஸ் அகோ’, ‘இன் 2009’ என்றால் சாதாரண இறந்தகாலம். ‘டுமோரோ’, ‘நெக்ஸ்ட் இயர்’ என்றால் வில். காலச் சொல் எதுவும் இல்லையென்றால் முன்னும் பின்னும் உள்ள வசனங்களின் வினைகளைப் பாருங்கள். பந்தி இறந்தகாலத்தில் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போனால், உங்கள் இடைவெளியும் பெரும்பாலும் அதே காலத்தில்தான் இருக்கும்.

‘இஃப்’ வந்தால் கவனம் தேவை. ‘இஃப் இட் ரெயின்ஸ், வீ வில் ஸ்டே அட் ஹோம்’. நாளைக்குப் பெய்யப்போகும் மழை என்றாலும் ‘இஃப்’ பக்கத்தில் ‘வில்’ வராது. எங்கள் ‘பெய்தால்’ என்ற சொல்லைப் பாருங்கள். அது இனி நடக்கக்கூடிய ஒன்றைப் பற்றிய சொல். ஆனால் எதிர்கால உருபு அதில் இல்லை. நிபந்தனைக்கு ஒவ்வொரு மொழியும் தனக்கென ஒரு வடிவத்தை வைத்திருக்கிறது என்று மட்டும் பிள்ளை புரிந்துகொண்டால் போதும்.

முடிந்ததா, முடியவில்லையா?

எமது பிள்ளைகளை மிக அதிகமாகச் சறுக்க வைப்பது ஹாவ், ஹாஸ் சேர்ந்து வரும் காலம். இதற்குக் காரணம் உண்டு. ‘2010இல் இருந்து இங்கே இருக்கிறோம்’ என்று தமிழில் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதை அப்படியே கொண்டுபோய் ‘வீ ஆர் லிவிங் ஹியர் சின்ஸ் 2010’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலம் அதை ஏற்காது. ‘வீ ஹாவ் லிவ்ட் ஹியர் சின்ஸ் 2010’ என்றோ ‘வீ ஹாவ் பீன் லிவிங் ஹியர்’ என்றோதான் எழுத வேண்டும். அன்று தொடங்கி இன்றும் தொடர்கின்ற ஒன்றுக்கு ஆங்கிலம் வைத்திருக்கும் தனி வடிவம் இது.

இதற்கு நெருங்கிய ஒன்று தமிழிலும் இருக்கிறது. ‘மாமா வந்தார்’ என்றால் அவர் வந்துவிட்டுப் போயிருக்கவும் கூடும். ‘மாமா வந்திருக்கிறார்’ என்றால் அவர் இப்போதும் வீட்டில் இருக்கிறார், தேத்தண்ணி போட வேண்டும். ‘ஹாஸ் கம்’ என்பது இந்த ‘வந்திருக்கிறார்’. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. தமிழில் ‘நேற்று வந்திருக்கிறார்’ என்று சொல்ல முடியும். ஆங்கிலத்தில் ‘யெஸ்டர்டே’ வந்தால் ‘ஹாஸ்’ வராது. குறித்த நாளைச் சொல்லிவிட்டால் சாதாரண இறந்தகாலம்தான்.

‘சின்ஸ்’ தொடங்கிய புள்ளியைச் சொல்லும். ‘ஃபோர்’ நீளத்தைச் சொல்லும். ‘சின்ஸ்’ வந்தால் பெரும்பாலும் ஹாவ், ஹாஸ் தேவை. ‘ஃபோர்’ அப்படி அல்ல. ‘வீ லிவ்ட் இன் த காம்ப் ஃபோர் டூ இயர்ஸ்’ என்றால் முகாம் வாழ்க்கை முடிந்துவிட்டது. ‘வீ ஹாவ் லிவ்ட் இன் திஸ் வில்லேஜ் ஃபோர் டென் இயர்ஸ்’ என்றால் இந்தக் கிராமத்தில் இன்றும் இருக்கிறோம். இரு வசனத்திலும் ‘ஃபோர்’ இருக்கிறது. எது சரி என்பதைத் தீர்மானிப்பது அந்த நிலைமை முடிந்ததா இல்லையா என்பதே.

செய்தவரா, செய்யப்பட்டவரா?

இஸ், வொஸ் போன்ற சொற்களுக்குப் பின்னால் இரண்டு கதவுகள் உண்டு என்றேன். அதைத் திறக்கும் கேள்வி இதுதான்: எழுவாய் இந்தச் செயலைச் செய்ததா, அல்லது அதன்மீது இது செய்யப்பட்டதா? ‘த மேசன் வொஸ் பில்டிங் எ வோல்’: மேசன் கட்டிக்கொண்டிருந்தார். ‘த ஸ்கூல் வொஸ் பில்ட் இன் 1954’: பாடசாலை கட்டப்பட்டது, அது தானே எதையும் கட்டவில்லை. தமிழில் ‘படு’ சேர்ந்து வரும் இடத்தில் ஆங்கிலத்தில் மூன்றாவது வடிவம் வரும். பேச்சில் நாங்கள் ‘இந்தப் பள்ளிக்கூடம் 54இலை கட்டினது’ என்று ‘படு’ இல்லாமலே சொல்லிவிடுவதால், எழுத்துத் தமிழில் ஒருமுறை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பது நல்லது.

இந்த வேறுபாடு பரீட்சைக்கு மட்டும் உரியதல்ல என்பது எம்மவர்களுக்கு நன்றாகத் தெரியும். ‘காணாமல் போனோர்’ என்று எழுதினால், இல்லை, ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று திருத்துகிற தாய்மார் எங்கள் மத்தியில் இருக்கிறார்கள். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடர் போராட்டத்தில் உட்கார்ந்தவர்களும் அவர்களே. ‘போனோர்’ என்றால் தாமாகப் போனவர்கள் போல ஆகிவிடுகிறது. ‘ஆக்கப்பட்டோர்’ என்றால் அதைச் செய்த ஒருவர் இருக்கிறார் என்பதை அந்த வினையே சொல்லிவிடுகிறது. செய்வினை, செயப்பாட்டு வினை என்று நாங்கள் வகுப்பில் படிப்பதை, அந்தத் தாய்மார் வீதியோரத்தில் இருந்து சொல்லிக் கொடுக்கிறார்கள்.

ஆங்கிலத்தில் எழுதப்படும் முறைப்பாடுகளிலும் வாக்குமூலங்களிலும் இந்த இரண்டு பாடங்களும் சேர்ந்து வருகின்றன. ‘மை சன் வொஸ் மிஸ்ஸிங்’ என்று ஒருவர் எழுதினால், வாசிப்பவருக்கு அது முடிந்துபோன கதையாகப் படக்கூடும். ஒரு காலத்தில் காணவில்லை, பிறகு கிடைத்துவிட்டார் போலும் என்று அவர் எடுத்துக்கொள்ள இடமுண்டு. ‘மை சன் ஹாஸ் பீன் மிஸ்ஸிங் சின்ஸ் 2009’ என்றால் அன்று தொடங்கியது இன்றும் முடியவில்லை. கையளித்த நாள் தெரியுமானால் அந்த வசனம் இறந்தகாலத்தில் வர வேண்டும்: ‘வீ ஹாண்டட் ஹிம் ஓவர் ஒன் 18 மே 2009’. அதற்கு அடுத்த வசனம் அதே காலத்தில் வராது: ‘ஹி ஹாஸ் நொட் கம் பாக்’. ஒன்று நாள் குறித்த செயல், மற்றது இன்றைய நிலை. இரண்டு வினை வடிவங்களும் தேவை.

ஒரு சிறு எச்சரிக்கையும் வேண்டும். ‘டிஸப்பியர்’ என்ற வினை பாடசாலை இலக்கணத்தின்படி செயப்பாட்டு வடிவம் எடுக்காது. ஆகவே பரீட்சையில் ‘வொஸ் டிஸப்பியர்ட்’ என்று எழுதினால் புள்ளி போகலாம். ஆனால் மனித உரிமை எழுத்துகளில் அந்த வடிவம் இன்று வழக்கத்தில் இருக்கிறது. இலத்தீன் அமெரிக்க நாடுகளில் ஆட்கள் பிடித்துச் செல்லப்பட்ட காலத்தில் ஸ்பானிய மொழியில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்த வழக்கு அது. இலக்கண நூல் வைத்திராத ஒரு வடிவம், தேவை வந்தபோது உருவாகிவிட்டது.

மூன்றாவது வடிவத்தை எப்படிப் பாடமாக்குவது?

வென்ட், கோன் போன்ற ஒழுங்கற்ற வடிவங்களை அகர வரிசையில் நீளமாகப் பாடமாக்கச் சொல்வதில் பயன் குறைவு. ஒலி ஒத்தவற்றைக் குடும்பமாகச் சேர்த்துக் கொடுங்கள். கட், புட், ஹிட், ஷட் மாறவே மாறா. சிங், சாங், சங் போலவே ட்ரிங்க், ட்ராங்க், ட்ரங்க். ஸ்விம், ஸ்வாம், ஸ்வம். பை, போட், ப்ரிங், ப்ரோட், திங்க், தோட், டீச், டோட் இவை ஒரு குடும்பம். நாளுக்கு ஒரு குடும்பம் என்றால் பிள்ளை களைக்காது. தமிழிலும் ‘செய்தான், நடந்தான், கேட்டான், தின்றான், வந்தான்’ என்று ஒவ்வொரு வினையும் ஒவ்வொரு விதமாகத்தான் இறந்தகாலம் எடுக்கிறது. எந்தப் பிள்ளையும் அதை அட்டவணை பார்த்துப் படிக்கவில்லை.

செய்து பார்ப்போம்

ஒரு மீனவக் குடும்பத்தைப் பற்றிய பந்தி என்று வைத்துக்கொள்வோம்.

ஒன்று: ‘மை ஃபாதர் ... டு சீ எவ்ரி நைட்’. வினை ‘கோ’. முன்னால் துணைச்சொல் இல்லை. எழுவாய் ஒருமை. ‘எவ்ரி நைட்’ வழக்கமான செயல். விடை ‘கோஸ்’.

இரண்டு: ‘யெஸ்டர்டே ஹி டிட் நொட் ...’. வினை ‘கோ’. ‘யெஸ்டர்டே’ என்பதைப் பார்த்து ‘வென்ட்’ எழுதத் தோன்றும். ஆனால் முன்னால் ‘டிட்’ இருக்கிறது. விடை ‘கோ’. முன்னால் உள்ள சொல்லை முதலில் பாருங்கள் என்று சொன்னது இதற்காகத்தான்.

மூன்று: ‘ஹிஸ் நெட் வொஸ் ... பை எ ரொக்’. வினை ‘டெயர்’, கிழிப்பது. வலை தானே எதையும் கிழிக்கவில்லை, பாறையால் கிழிக்கப்பட்டது. விடை மூன்றாவது வடிவம், ‘டோர்ன்’.

நான்கு: ‘நவ் ஹி இஸ் ... இட்’. வினை ‘மென்ட்’. இப்போது வலையைப் பொத்திக்கொண்டிருக்கிறார். விடை ‘மென்டிங்’.

ஐந்து: ‘ஹி ... இன் திஸ் சீ சின்ஸ் 2012’. வினை ‘வேர்க்’. ‘சின்ஸ்’ இருக்கிறது. துணைச்சொல்லும் தரப்படவில்லை, நாங்களே சேர்க்க வேண்டும். விடை ‘ஹாஸ் வேர்க்ட்’. ‘வேர்க்ட்’ என்று மட்டும் எழுதிவிட்டு வருபவர்கள் பலர்.

ஆறு: ‘ஆஃப்டர் ... த வேர்க், ஹி வில் ...’. வினைகள் ‘ஃபினிஷ்’, ‘ஸ்லீப்’. ‘ஆஃப்டர்’ என்பதற்குப் பின்னால் ‘ஃபினிஷிங்’. ‘வில்’ என்பதற்குப் பின்னால் மாறாத ‘ஸ்லீப்’.

ஆறு வசனங்களிலும் காதை எங்கும் கேட்கவில்லை. முன்னால் உள்ள சொல், எழுவாய், காலச் சொல் என்ற ஒழுங்கில் பார்த்து, இஸ், வொஸ் வந்த இடத்தில் மட்டும் செய்தவரா செய்யப்பட்டவரா என்று கேட்டோம்.

பெற்றோருக்கு ஒரு சொல்

சாதாரண தரத்தில் ஆங்கிலம் சித்தியடையாவிட்டாலும், தாய்மொழி, கணிதம் உள்ளிட்ட ஆறு பாடங்களில் சித்தியும் அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் இருந்தால் உயர்தரம் படிக்கலாம். அதனாலேயே பல வீடுகளில் ஆங்கிலம் கைவிடப்பட்ட பாடமாகிவிடுகிறது. பல்கலைக்கழகம் போய் மருத்துவமோ பொறியியலோ ஆங்கில மொழிமூலம் படிக்கத் தொடங்கும்போதுதான் அந்த இழப்பு தெரிய வருகிறது.

பெரிய செலவு தேவையில்லை. கடந்தகால வினாத்தாள்கள் போதும். நாளுக்கு ஐந்து இடைவெளிகள் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் ஆங்கிலம் அறிந்திருக்கத் தேவையில்லை. பிள்ளை ஒரு விடை எழுதியதும், “எந்தச் சொல்லைப் பார்த்து இதை எழுதினாய்?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை வசனத்தில் உள்ள ஒரு சொல்லின்மீது விரலை வைத்துக் காட்ட வேண்டும். காட்ட முடியாவிட்டால் அது ஊகித்த விடை. மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கேள்வியைக் கேட்க எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அம்மாவாலும் முடியும்.